எஸ்.டி.எம்.சி.யில் சேர்ந்தாயிற்று, பள்ளித் திட்டத்தில் என்ன எழுதச் சொல்வது?

கேட்டவர் ஓர் அம்மா. பெங்களூரில் அல்சூர் பக்கம், ஒன்று முதல் ஐந்து வரை உள்ள அரசுப் பள்ளியில் பையன் மூன்றாவது படிக்கிறான். இந்த வருடம் அவரை எஸ்.டி.எம்.சி. (பள்ளி அபிவிருத்தி, நிர்வாகக் குழு) உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருடத் திட்டம் எழுத வேண்டும், யோசனை சொல்லுங்கள் என்கிறாராம் எச்.எம். (தலைமை ஆசிரியர்). பழைய திட்டத்தை வாங்கிப் பார்த்தால் காம்பவுண்ட் சுவர், பெயிண்ட், டெஸ்க், கம்ப்யூட்டர் என்று போகிறது. 'பிள்ளைகள் நலன்' என்ற தலைப்பின் கீழே யோகா தினம், மருத்துவ முகாம் என்று இரண்டே வரி. "இதில் வேறு என்ன எழுத முடியும்? எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. நான் அங்கே போய் என்ன செய்யப் போகிறேன்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் பெங்களூரில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து, கடைசியில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு வழிகாட்டும் சி.ஆர்.பி.யாகப் பள்ளி பள்ளியாகச் சுற்றி ஓய்வு பெற்றவள். என் கைக்கு வந்த திட்டங்களில் பாதிக்கு மேல், பள்ளியின் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்துப் பள்ளியின் பெயரை எழுதினால் அப்படியே பொருந்தும். ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்தால் எங்கே கை வைக்கலாம் என்பதும் தெரியும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவுப்படி பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கர்நாடகத்தில் எஸ்.டி.எம்.சி. என்ற பெயரில் இது 2001இலிருந்தே உண்டு. அடுத்த பிரிவு, பள்ளி அபிவிருத்தித் திட்டம் எழுதுவது அந்தக் குழுவின் வேலை என்கிறது. எச்.எம். எழுதிக் கொண்டுவருவார், மற்றவர்கள் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள் என்பது நாமாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்.

மத்திய அரசின் மாதிரி விதிகள்படி இது மூன்று வருடத் திட்டம். உள்ளே வருடத்துக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள். கட்டாயம் இருக்க வேண்டியவை: எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள், இன்னும் எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்டடம், தளவாடம் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும். பழைய திட்டம் மளிகைச் சாமான் சீட்டு மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். படிவம் கேட்டதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எச்.எம்.மேல் தப்பில்லை. ஆனால் அதே சட்டத்தின் 29ஆம் பிரிவில், பிள்ளை பயமும் அதிர்ச்சியும் பதற்றமும் இல்லாமல் படிக்க வேண்டும், நினைத்ததை வெளிப்படையாகச் சொல்ல அதற்கு உதவ வேண்டும் என்று இருக்கிறது. பாடத்திட்டம் வகுப்பவர்களுக்காக எழுதியது என்பதால் திட்டம் எழுதுகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. நீங்கள் அதை உள்ளே கொண்டுவர வேண்டும். தனித் தலைப்பாகப் போடாதீர்கள், போட்டால் மறுபடி யோகா தினத்தில்தான் போய் நிற்கும். படிப்பு, சாப்பாடு, கழிப்பறை, லீவு என்று ஒவ்வொன்றிலும் பிள்ளையின் மனசு எங்கே நோகிறது என்று பாருங்கள்.

வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். எச்.எம். சதவீதம் சொல்வார், சதவீதம் வேண்டாம், பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் 30 பேர், வருகை 90 சதம் என்றால் காதுக்கு நன்றாக இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் மாதம் இரண்டு நாள் மட்டம் போட்டாலும் ஏறக்குறைய 90தான். 27 பேர் தினமும் வந்து, 3 பேர் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்றாலும் 90தான். முதலில் சொன்ன மாதிரி என்றால் திட்டம் ஒன்றும் தேவையில்லை. இரண்டாவது மாதிரி என்றால் அந்த மூன்று பேரும் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். இந்த வேலை எச்.எம்.மைவிட உங்களுக்கு நன்றாக வரும். பொங்கலுக்குப் பள்ளிக்கு ஒருநாள்தான் லீவு. திருவண்ணாமலைக்கும் தர்மபுரிக்கும் போன குடும்பம் ஒரு வாரம் கழித்துத்தான் பஸ் ஏறும். ஆடியில் குலதெய்வம். இது ஒரு ரகம், முன்கூட்டியே தெரிந்த ரகம். அந்த வாரத்தில் புதுப் பாடம் எடுக்காமல் இருந்தாலே பாதி சரியாகிவிடும். கட்டட வேலைக்கு வந்த குடும்பம் சைட் மாறிப் போவது இன்னொரு ரகம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பெண் மூன்றாவது. நாலாவது ரகத்தைப் பதிவேடு காட்டிக்கொடுக்கும், பெரியவர்கள் சொல்லமாட்டார்கள்: ஒரு பிள்ளை திங்கட்கிழமை மட்டும் வராது, அல்லது ஒரு குறிப்பிட்ட டீச்சர் முதல் பீரியட் எடுக்கும் நாளில் வயிற்று வலி வரும். அதைப் பார்த்தால் சத்தம் போடாமல் குறித்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் பெயர் சொல்லி உடைக்காதீர்கள்.

அடுத்தது வாசிப்பு. மார்க் பட்டியலை நம்பவேண்டாம். நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து, டீச்சரைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியாதவர், எழுத்துக் கூட்டுபவர், சொல் சொல்லாகப் படிப்பவர், கதையைப் படித்து என்ன நடந்தது என்று சொல்பவர் என்று நாலு கூட்டமாகப் பிரித்தால் போதும். 2005இலிருந்து நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் ஏசர் என்ற கல்விக் கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறார்கள். 2021 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளை புரிந்துகொண்டு நிமிடத்துக்கு 60 சொல் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் ஒரே சொல் அரை வரிக்கு நீளும். அதனால் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையைப் பயமுறுத்தும் பள்ளியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். புரிகிறதா என்று பாருங்கள். வேகம் பின்னால் வரும்.

உங்கள் பையன் மூன்றாவது என்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை நலி-கலி முறை: தரையில் குழுவாக உட்கார்ந்து, அட்டை எடுத்து, அவரவர் வேகத்தில் ஏணி ஏறுவது. 1995இல் மைசூரு மாவட்டம் எச்.டி.கோட்டையில் தொடங்கியது. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத் தெரிந்த ஏ.பி.எல். (செயல்வழிக் கற்றல்) அட்டைக்கும் இதற்கும் ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளிதான் மூலம். நாலாவதுக்கு வந்ததும் அட்டை போய்விடும். டெஸ்க், கரும்பலகை, தடிமனான புத்தகம், பரீட்சை. ஏணியில் பாதியில் நின்ற பிள்ளை இங்கேதான் முழுசாகச் சுருங்குகிறது. ஏப்ரல் வரை கலகலவென்று இருந்த பிள்ளை ஆகஸ்டில் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை எத்தனையோ பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். டீச்சர் 'கவனம் இல்லை' என்பார், வீட்டில் 'சேர்க்கை சரியில்லை' என்பார்கள். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு மாறும் முதல் இரண்டு மாதத்துக்கென்று திட்டத்தில் ஒரு பத்தி இருந்தால், மற்ற எது இல்லாவிட்டாலும் அதை நல்ல திட்டம் என்பேன்.

இவ்வளவும் பார்த்தபிறகு எழுத உட்காருங்கள். வருடத்துக்கு மூன்று காரியம் போதும். பதினைந்து எழுதினால் பதினைந்தும் காகிதத்திலேயே இருக்கும். 'மாணவர்களின் வாசிப்புத் திறன் மேம்படுத்தப்படும்' என்று யாராவது எழுதினால், யார், எப்போது, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். 'நாலாவதில் எழுத்துக் கூட்டும் நிலையில் உள்ள ஒன்பது பிள்ளைகளுக்குத் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் 40 நிமிடம் இன்ன டீச்சர் தனியாக வாசிக்க வைப்பார். தசரா லீவு முடிந்ததும் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை எஸ்.டி.எம்.சி. பார்க்கும்' என்று எழுதச் சொல்லுங்கள். இதில் பணம் ஒன்றும் இல்லை, கவனித்தீர்களா?

இப்போது நலன் என்று கேட்ட விஷயம். காலையில் பசியோடு வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் பள்ளியில் யாருக்காவது தெரியுமா? கார்மெண்ட்ஸ் போகும் அம்மா, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா எல்லாம் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். பிள்ளை டீயும் பன்னும் தின்றுவிட்டு வரும், அதுவும் இருந்தால். மதியச் சாப்பாடு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்ற கணக்கில் வருகிறது. க்ஷீர பாக்யா பால் 2013இலிருந்து உண்டு. 2024இலிருந்து அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் உதவியோடு வாரத்தில் ஆறு நாளும் முட்டை, வேண்டாம் என்பவர்களுக்கு வாழைப்பழம். எல்லாம் நல்லது. ஆனால் பால் எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பிரேயர் முடிந்த கையோடு கொடுத்தால் முதல் பீரியட் நடக்கும். 11 மணிக்குக் கொடுத்தால் அதுவரை பிள்ளை கொட்டாவிதான் விடும். வெயிலில் நீண்ட பிரேயர் வைத்துவிட்டு, மயங்கி விழுகிற பிள்ளைக்கு 'சத்துக் குறைவு' என்று சொல்கிற பள்ளிகளும் உண்டு. நேரத்தை மாற்றுவதை எச்.எம். நாளைக்கே செய்யலாம். முட்டை சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர் என்று தனி வரிசையில் உட்கார வைக்கிறார்களா என்பதையும் ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கழிப்பறை எல்லாத் திட்டத்திலும் இருக்கும், கட்டடமாக. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி வேண்டும் என்று சட்ட அட்டவணையே சொல்கிறது. பெரும்பாலும் கட்டியும் இருப்பார்கள். கேட்க வேண்டியது வேறு. தாழ்ப்பாள் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா? உள்ளே வெளிச்சம் உண்டா? தண்ணீர் தொட்டியில் மதியம் வரை நிற்கிறதா? பூட்டி வைத்துச் சாவி யாரிடம் இருக்கிறது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அங்கே போகப் பயந்து நாள் பூராவும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடும். உங்கள் தெருப் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். ஐந்தாவதிலேயே வயசுக்கு வரும் பெண்கள் இப்போது இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளிதானே என்று அதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு வாளி, மூடியுள்ள குப்பைக் கூடை, ஆபீஸ் அலமாரியில் நாலு பாக்கெட் நாப்கின், எந்த டீச்சரிடம் கேட்கலாம் என்று பிள்ளைக்கு முன்னாலேயே தெரிந்திருப்பது. இவ்வளவுதான் தேவை.

பாஷை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துக் கன்னடப் பள்ளிகளில் வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். ஜூனில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை செப்டம்பர் வரை வாயே திறக்காது. புரியாமல் இல்லை, காது தயாராகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் 'மந்தம்' என்று யாராவது முத்திரை குத்திவிட்டால் அது ஐந்தாவது வரை கூடவே வரும். முதல் மூன்று மாதம் பிள்ளை தமிழில் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்வது, பாஷை தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையைத் துணைக்குப் போடுவது, மாதத்தில் ஒருநாள் ஒரு பாட்டி வந்து தமிழில் கதை சொல்ல அதையே டீச்சர் கன்னடத்தில் சொல்வது என்று திட்டத்தில் எழுதலாம். முடிந்தவரை தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் அந்த 29ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இதைக் கன்னடத்துக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயம் தெளிந்த பிள்ளைதான் கன்னடமும் சீக்கிரம் பேசும்.

அடி. 17ஆம் பிரிவு உடம்பை அடிப்பதையும் மனசை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது. இங்கே பெற்றோராகிய நம்மைத்தான் முதலில் திருத்த வேண்டும். "கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க மிஸ்" என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நாம். முட்டி போட வைப்பது, பெஞ்சுமேல் நிற்க வைப்பது, 'உங்கப்பன் மாதிரிதான் நீயும்' என்று சொல்வது எல்லாம் இதில் சேரும். கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு, எல்லாப் பெற்றோருக்கும் படித்துக் காட்டுங்கள். டீச்சர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் கை ஓங்குவது களைப்பில்தான்.

அந்தக் களைப்பின் கணக்கையும் பாருங்கள். சட்ட அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்; 61 முதல் 90 வரை மூன்று. வகுப்போ ஐந்து. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு ஆசிரியரை அனுப்ப 27ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இரண்டில் ஒருவர் போய்விட்டால் மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அந்த நாட்களுக்கென்று தனியாக ஒரு ஏற்பாடு (எந்த வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பது, எந்தப் பெற்றோர் வந்து கதைப் புத்தகம் கொடுப்பது) எழுதி வைத்திருக்கும் பள்ளியை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழுவுக்கு யோசிக்கவே உரிமை இல்லை. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்ததாகத் தெரிந்தால், சந்தேகமாக இருந்தாலும், போக்ஸோ சட்டம் 2012, 19ஆம் பிரிவுப்படி போலீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். 'பள்ளி பேர் கெட்டுப்போகும், நாமே பேசி முடிச்சுக்கலாம்' என்று யார் சொன்னாலும் எழுந்துவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகளின் கண்மட்டத்தில், கன்னடத்திலும் தமிழிலும் சுவரில் இருக்கட்டும்.

மருத்துவ முகாம் பற்றிச் சுருக்கமாக. ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) குழு வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும். சீட்டும் எழுதிக் கொடுக்கும். அந்தச் சீட்டு புத்தகப் பையின் அடியில் கிடந்து மக்கும். எத்தனை பேருக்கு முகாம் நடந்தது என்று எழுதுவதைவிட, சீட்டு கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பௌரிங் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், கண்ணுக்கு மின்டோ ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், கண்ணாடி வந்ததா என்று எழுதச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமல் 'கவனமில்லாத' பிள்ளையானவர்கள் நிறைய. திடீரென்று பேச்சை நிறுத்திய பிள்ளை, வீட்டில் சாவு கண்ட பிள்ளை என்றால் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி நம் ஊரிலேயே இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

பணம். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி: 30க்கு மேல் 100 வரை என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய், 250 வரை 50,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுத்தத்துக்கு. இதில் சுவர் கட்ட முடியாது. தாழ்ப்பாள், பல்பு, பைப் எல்லாம் தாராளமாக முடியும். பெரிய செலவுக்கு பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அதிகாரி) ஆபீஸ், எம்.எல்.ஏ. என்று மனு போகட்டும், அது நடக்கிறபோது நடக்கும். பெங்களூரில் இன்னொரு வழி கம்பெனிக்காரர்கள். சனிக்கிழமை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களை விரட்ட வேண்டாம். ஆனால் கேட்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கழிப்பறை கழுவும் அம்மாவுக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டால் முதலில் முழிப்பார்கள். இரண்டு மூன்று கம்பெனி தாண்டி ஒருவர் சரி என்பார். அடுத்த ஜூனில் அதே ஒட்டகச்சிவிங்கி மேல் இன்னொரு கம்பெனி பெயிண்ட் அடிக்கும் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, எழுத வராது என்றீர்கள். எழுத வேண்டியது எச்.எம்.மின் வேலை, அவர்தான் குழுவின் செயலர். நீங்கள் தமிழில் சொல்லுங்கள். உங்கள் பள்ளி டீச்சர்களில் தமிழ் புரியாதவர் இருந்தால் ஆச்சரியம். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னது அதில் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள், அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பக்கத்தில் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்து வேண்டாம். மார்ச் முடிவதற்குள் திட்டம் ஆபீஸுக்குப் போக வேண்டும், அதனால் பதிவேடும் வாசிப்பும் டிசம்பருக்குள் பார்த்து முடித்துவிட்டால் ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களும் போய்வந்த பிறகு உட்கார்ந்து எழுத நேரம் இருக்கும். எச்.எம்.மிடம் இந்த வாரம் கேட்க வேண்டியது இரண்டுதான்: நாலாம் வகுப்பு வருகைப் பதிவேடு, பால் கொடுக்கும் நேரம்.